அறுநூறு ஓட்டை

எங்கள் பட்டறை பெரியகுளம் தென்கரையில் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே மதுரை, பரமக்குடி எல்லாம் தாண்டிப் போக வேண்டும். மேற்கே என்றால் குமுளி மலை ஏறி இறங்க வேண்டும். வராக நதியில் மழைக்காலம் போக மற்ற நாளில் கணுக்கால் நனைந்தால் பெரிய விஷயம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகுக்குத் தரைக் கிராதி செய்தேன் என்றால் சம்பந்திகள்கூட நம்புவதில்லை. குளியலறையில் போட்டிருக்கும் சாட்சியைக் காட்டித்தான் நம்ப வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சி அங்கே வந்து சேர்ந்த கதைதான் இது.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிராதி வேலை உண்டு. இரும்புக் கம்பிக் கதவு வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால் திண்ணைக்கு மரக் கிராதிதான் அடைப்பு. காற்று வரும், நாய் வராது. குறுக்கும் நெடுக்குமாக ரீப்பர் ஓடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் இதில் பாதி, அதில் பாதி காடி எடுத்தால் ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். ஆணி கிடையாது. மேலே தடவிப் பார்த்தால் எது மேல், எது கீழ் என்று விரலுக்குத் தெரியக்கூடாது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, கிராதிக்கு ஏன் கதவைவிடக் கூலி அதிகம் என்று அப்பாவிடம் கேட்டேன். மரம் குறைச்சலாகத்தானே பிடிக்கிறது?

“கிராதிக்குக் கூலி மரத்துக்கு இல்லடா, ஓட்டைக்கு” என்றார்.

ஒவ்வோர் ஓட்டைக்கும் நாலு மூலை, நாலு மூலையையும் உளி வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அந்த வேலையைச் சொல்கிறார் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷம் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் முதலில் படகைப் பார்த்தது மலை மேலே. கோடைக்கானல் ஏரி தானாக உண்டானதில்லை. மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் 1863-இல் கரை கட்டித் தேக்கியது. அதில் விட்ட முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பார்கள். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் கோடைக்கு ஏறிய நடைபாதை எங்கள் ஊர்ப் பக்கமிருந்துதான் போனது. துடுப்புப் படகுக்குத் தரைப்பலகை மாற்ற அப்பா ஒருமுறை போனபோது என்னையும் கூட்டிப்போனார். பலகையைச் சேர்த்து அடிக்காமல், இடையில் விரல் நுழையும் அளவுக்கு விட்டு விட்டு அடித்தார். ஏன் என்று கேட்டேன்.

“படகுன்னா உள்ள தண்ணி வரத்தாண்டா செய்யும். தண்ணி கீழ நிக்கணும், காலு மேல நிக்கணும்.”

அதோடு படகை மறந்துவிட்டேன். 2014 மாம்பழ சீசனில்தான் அது திரும்பி வந்தது.

கும்பக்கரை ரோட்டில் தோப்பு வாங்கியிருந்த ஒருவர், கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தோப்பு வீட்டுக்கு நான் செய்த கிராதிக் கதவை மாட்டிக்கொண்டிருந்தேன். அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “ஆசாரியாரே, இதையே படுக்கப் போட்டுச் செய்ய முடியுமா? மேல ஆள் ஏறி நிக்கணும்” என்றார்.

கொச்சியில், போல்காட்டித் தீவின் மெரினாவில் அவருக்கு ஒரு பாய்மரப் படகு நின்றது. முப்பதடி நீளம், ஃபைபர் உடம்பு. படகின் பின்பக்கம் சுக்கான் பிடிப்பவர் உட்காரும் இடம் குழியாக இருக்கும். அதைக் காக்பிட் என்கிறார்கள். அலை அடித்தால் தண்ணீர் அதில்தான் விழும். அந்தக் குழியின் தரை கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதால், மூலையில் இரண்டு வடிகுழாய் வைத்துவிட்டால் தண்ணீர் தானாகவே வெளியே ஓடிவிடும். ஆனால் அது ஓடி முடிகிற வரைக்கும் கால் ஈரத்தில் நிற்கும். காற்றில் படகு ஒருக்களிக்கும்போது ஈர ஃபைபரில் கால் வழுக்கும். அதற்குத்தான் தேக்குக் கிராதி.

அவர் பேச்சுக்காரர். அந்தக் காலக் கப்பலில் மேல்தளத்துத் திறப்புகளை மரக் கிராதி போட்டுத்தான் மூடுவார்களாம். கீழே இருப்பவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டுமே. குற்றம் செய்த மாலுமியைச் சவுக்கால் அடிப்பதற்குக் கட்டி வைத்ததும் அதே கிராதியைத் தூக்கி நிறுத்தித்தான். பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817-இல் நீரில் விட்ட ‘டிரின்கோமலி’ என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்றும் மிதக்கிறது என்றார். எங்கும் நிற்காமல் தனியாளாக உலகத்தை முதலில் சுற்றி வந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’யும் பம்பாய்த் தச்சர்கள் தேக்கில் செய்த படகுதானாம். 1968 ஜூனில் கிளம்பி 1969 ஏப்ரலில் கரை சேர்ந்திருக்கிறார். அந்தத் தச்சர்கள் வாச்சியால் செதுக்கியே பலகைகளை உருவாக்கினார்கள் என்று சொல்லி, வாச்சி என்றால் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டார். பரணில் கிடந்த தாத்தாவின் வாச்சியை எடுத்துக் கையில் கொடுத்தேன். வேலை எனக்குத்தான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

அளவு எடுக்கக் கொச்சிக்குப் போனேன். குமுளி, கோட்டயம் என்று பஸ் மாறி, கையில் மூலைமட்டமும் ரசமட்டமும். படகில் ஏறியதும் ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தார். படகைப் பார்த்துக்கொள்கிறவர், தூத்துக்குடிக்காரர். “அண்ணாச்சி, பூமியே ஆடுது. அத பையில வைங்க.”

மூலைமட்டமும் உதவவில்லை. வீட்டில் சுவருக்குச் சுவர் நேர். படகில் ஒரு மூலைகூடச் செங்கோணம் இல்லை. குழி முன்னால் அகன்று, பின்னால் ஒடுங்கி, மூலைகள் உருண்டு இருந்தது. கடைசியில் நம்மூர் மாம்பழப் பெட்டி அட்டைதான் கைகொடுத்தது. அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஓரத்தோடு ஓரம் படிய வைத்து, நாடா ஒட்டி, முழுத் தரையையும் அட்டையில் வார்த்து எடுத்தேன். நடுவில் நூல் பிடித்து ஒரு கோடு போட்டுக்கொண்டேன். படகில் நம்புவதற்கு உள்ளது அந்த நடுக்கோடு ஒன்றுதான். மற்ற எல்லா அளவும் அதிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். கிராதியின் கட்டம் சதுரமாகவே ஓட வேண்டும். வளைவையும் ஒடுக்கத்தையும் சுற்றுச் சட்டம் வாங்கிக்கொள்ள வேண்டும். ரீப்பர் 18 மில்லி, இடைவெளியும் 18 மில்லி. அதற்கு மேல் விட்டால் குதிகாலோ பெருவிரலோ மாட்டும். குறைத்தால் குப்பை அடைக்கும். நீளவாக்கில் 40 ஓட்டை, அகலவாக்கில் 15. மொத்தம் 600 ஓட்டை. நெடுக்கு ரீப்பர் 14, குறுக்கு ரீப்பர் 39, அவை சந்திக்கிற இடம் 546. ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு காடி. ஆக 1092 காடி.

திண்ணைக் கிராதியில் நாங்கள் ஒவ்வொரு ரீப்பராக அளந்து, கோடு போட்டு, ரம்பத்தால் இரண்டு பக்கமும் இழுத்து, உளியால் நடுவை எடுப்போம். இங்கே அப்படிச் செய்தால் கெட்டது. ஒரு காடிக்குக் கால் மில்லி பிசகினால் 40 ஓட்டை தாண்டும்போது அது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். அரை ஓட்டையைக் காணோம் என்று அர்த்தம். பிசகு தனியாக வந்து நிற்பதில்லை. முன்னால் போனதன் தோளில் ஏறிக்கொண்டுதான் வரும்.

அதனால் ரீப்பரில் காடி எடுக்கக்கூடாது, பலகையில் எடுக்க வேண்டும். 22 மில்லி கனத்தில், ஆறு அங்குல அகலப் பலகையை இழைத்துப் போட்டு, அதன் அகலம் முழுக்க ரூட்டரால் குறுக்கே காடி ஓட்டினேன். 18 மில்லி பிட், 11 மில்லி ஆழம். தேக்குக்குள் மணல் இருக்கிறது, அதாவது சிலிக்கா. சாதாரண பல் அரை நாளில் மழுங்கிவிடும், கார்பைடு முனைதான் தாங்கும். அடுத்த காடிக்கு அளவு நாடா பிடிப்பதில்லை. முந்தின காடியில் உட்காரும் மாதிரி ஒரு கட்டையை வழிகாட்டிப் பலகையில் பொருத்தியிருந்தேன். அது உட்கார்ந்தால் அடுத்த காடி சரியாக 36 மில்லி தள்ளி விழும். காடி எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பலகையை நீளவாக்கில் கிழித்தால் ஆறு ரீப்பர் வரும். ஆறும் ஒரே அச்சு. பிசகு இருந்தாலும் ஆறிலும் ஒரே பிசகாக இருக்கும். நெடுக்கு ரீப்பரைக் காடி மேலே பார்க்க வைத்து, குறுக்கு ரீப்பரைக் கவிழ்த்துப் பூட்ட வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும், கவிழ்த்துப் பிடித்தால் விழக்கூடாது. அந்த இறுக்கம் கிடைக்கிற வரைக்கும் ரீப்பரின் பக்கத்தை ஒரு சீவல், அரைச் சீவல் என்று இழைத்துக்கொண்டே இருந்தேன்.

மரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் தொழிலுக்குத் துரோகம். பர்மா அந்த 2014 ஏப்ரலில்தான் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியிருந்தது. கடைக்காரர்கள் விலையைக் கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள். தோட்டத் தேக்கு வாங்கலாம். ஆனால் சீக்கிரம் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம். வெள்ளை ஈரத்தில் நிற்காது. காரைக்குடிக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த மரம் அங்கே கடை கடையாகக் கிடக்கும். அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு. வைரம் பாய்ந்து, வருஷக்கணக்கில் கூரைக்குக் கீழே காய்ந்தது. ஒரு உத்தரத் துண்டு எடுத்து வந்து காந்தம் வைத்துத் தேடி ஒன்பது ஆணி பிடுங்கினேன். பத்தாவது ஆணியை ரம்பம் கண்டுபிடித்தது. உள்ளே அறுத்தபோது புது மரம் மாதிரியே பச்சைத் தோல் வாசனை வந்தது. கையில் எண்ணெய்ப் பிசுக்கு. அந்த எண்ணெய்தான் தேக்கைக் கரையானிடமிருந்தும் தண்ணீரிடமிருந்தும் காப்பாற்றுகிறது. பசை பிடிக்கவிடாமல் நம்மைப் படுத்துவதும் அதுதான். ஒவ்வொரு காடியையும் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய் திரும்பக் கசிந்து வருவதற்குள் எபாக்சி வைத்துப் பூட்ட வேண்டும். மகனும் நானும் ஒரு முழு இரவு துடைத்தோம், பூட்டினோம்.

விடிந்ததும் சட்டத்தை அட்டை அச்சுக்கு வெட்டி இழைத்தேன். ஒரு காகிதம் நுழையும் அளவுக்குத்தான் சுற்றிலும் இடம் விட்டேன். நல்ல கதவுக்கு அதுதான் அழகு. அடியில் குறுக்காக மூன்று கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்தேன். கதவுக்கு அப்படித்தான் கொடுப்போம். கடைசியாக மூன்று கை வார்னிஷ் அடித்தேன். பட்டறை வாசலில் சாய்த்து வைத்தபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கொச்சி போகும் மாம்பழ லாரியில், பெட்டிகளுக்கு மேலே கிராதி பயணம் போனது. நான் முன்சீட்டில்.

படகுக் குழியில் இறக்கினேன். தட்டிக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. கப்பல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. தூத்துக்குடிக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஓட்டைக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தார். சிரமப்பட்டுத்தான் வந்தது. “புதுசுல்லா, அப்படித்தான் இருக்கும்” என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

முதல் புகார் ஒரு வாரத்தில் வந்தது. கப்பல்காரர் வழுக்கி விழுந்து முழங்கையில் அடி. ஈரம் பட்ட வார்னிஷ் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. வழுக்கக்கூடாது என்று கேட்டவருக்கு வழுக்குப்பாறை செய்து கொடுத்திருந்தேன். அதைச் சுரண்டிவிடலாம் என்று போனில் சொன்னேன்.

ஜூலையில் வந்ததுதான் பெரிய புகார். அங்கே பேய் மழை. காற்றில் படகை மூடியிருந்த தார்ப்பாய் கிழிந்து, குழியில் மழை நேராக விழுந்திருக்கிறது. கூடவே இலை, தென்னம்பூ. குப்பை கிராதிக்குக் கீழே போய் வடிகுழாய் வாயை அடைத்துக்கொண்டது. கிராதியைத் தூக்கிக் கையை விட்டு எடுத்தால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் கிராதி வரவில்லை. தேனி மாவட்டத்து வெயிலில் காய்ந்த சட்டம் கொச்சி மழையில் ஊதிவிட்டது. ஒரு பக்கச் சட்டத்துக்கு அரை மில்லிதான் ஊதியிருக்கும். நான் விட்டதோ ஒரு காகிதம். மிச்சத்தை மணலும் உப்பும் இறுக்கியிருந்தன. தண்ணீர் ஏறி, உள்ளறைப் படிக்கு நாலு விரல் கீழே நின்றபோது தூத்துக்குடிக்காரர் கடப்பாரையை எடுத்திருக்கிறார். நாலு ரீப்பரை உடைத்த பிறகுதான் கிராதி மேலே வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. உடைந்த கிராதி பலகைத் துறையில் கிடந்தது. அதன் அடியைத் திருப்பி எனக்குக் காட்டினார். நான் குறுக்காக வைத்த மூன்று கட்டைகளுக்கும் பின்னால் சேறு அணை கட்டியிருந்தது. தண்ணீர் முன்னாலிருந்து பின்னால் ஓட வேண்டிய தரையில், தாங்கல் என்ற பெயரில் மூன்று வரப்பு போட்டிருந்தேன்.

“எங்கூர்க் கட்டுமரத்துல ஓட்டை அடைக்கிற பேச்சே கிடையாது அண்ணாச்சி. கட்டைக்குக் கட்டை சந்துதான். தண்ணி வரும், போகும், அது பாட்டுக்கு. நீங்க வர வழி விட்டிய, போற வழிய அடைச்சிட்டிய.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். கிராதியில் கால் பங்குதான் ஓட்டை. முக்கால் பங்கு மரம். நான் அந்த முக்கால் பங்கை மட்டுமே பார்த்திருக்கிறேன். காடி, இறுக்கம், பளபளப்பு எல்லாம் மரத்தின் பெருமை. ஓட்டைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. திண்ணைக் கிராதிக்கு அந்தக் கவலை வேண்டாம். காற்றுக்குப் போகிற வழி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அப்பா சொன்ன ஓட்டையின் கூலி உளி வேலைக்கு மட்டும் இல்லை என்று ஐம்பது தாண்டிய பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது கிராதிக்குக் கூலி வாங்கவில்லை. மரத்துக்கு மட்டும் கப்பல்காரர் பிடிவாதமாகக் கொடுத்தார். இந்த முறை சுற்றிலும் 6 மில்லி இடம் விட்டேன். பார்த்தால் தளர்ச்சியாகத் தெரியும். பார்வைக்காக இல்லை அது. அடியில் குறுக்குக் கட்டை கிடையாது; தேக்கிலேயே சின்னச் சின்ன வட்டக் காலாகக் கடைந்து, தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடும்படி தள்ளித் தள்ளி வைத்தேன். வடிகுழாய்க்கு நேர் மேலே கால் வராமல் பார்த்துக்கொண்டேன். மொத்தம் பதினொரு கிலோ சொச்சம். ஒரு ஆள் ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தலாம். வார்னிஷ், எண்ணெய் எதுவும் பூசவில்லை. “அப்படியே விட்டா கறுத்துப் போகுமே சார்” என்று மனசு கேட்காமல் சொன்னேன். கடல் தண்ணீர் ஊற்றி, மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்லிசாகத் தேய்த்தால் போதும் என்றார். ஓட்டத்தோடு தேய்த்தால் மிருதுவான பாகம் அரித்துக்கொண்டு போய்ப் பள்ளம் விழுமாம். அது எனக்குப் புதுப் பாடம்.

மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பொன் நிறம் போய் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. முதல் பார்வைக்குப் பழைய விறகு மாதிரி. வெறுங்காலோடு ஏறி நின்றேன். ஈரத்திலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. தூத்துக்குடிக்காரர் ஒரு விரல் விட்டுத் தூக்கி, கீழே கிடந்த இலை இரண்டை எடுத்துக் கடலில் போட்டுவிட்டுத் திரும்பவும் வைத்தார். பேச்சை நிறுத்தாமலே செய்தார். அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

உடைந்த முதல் கிராதியை ஊருக்குக் கொண்டு வந்து, நல்ல பாகத்தை அறுத்து, வார்னிஷைச் சுரண்டி, எங்கள் குளியலறையில் போட்டேன். முழங்கால் வலிக்காரியான என் மனைவிக்கு வழுக்கும் பயம் போயிற்று. பார்க்க வந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது தேக்கு மாதிரியே பிளாஸ்டிக் விரிப்பு வருகிறது, விலையும் சல்லிசு. இருந்தாலும் மாசத்துக்கு ஒன்றிரண்டு கிராதி வேலை வந்துகொண்டுதான் இருக்கிறது.

போன மாதம் லட்சுமிபுரத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மாமியாருக்காகக் குளியலறைக் கிராதி வேண்டும், அளவு இதுதான் என்று சீட்டை நீட்டினார்.

“தண்ணி எங்கிட்டும்மா போகும்?” என்றேன்.

“எங்கிட்டுப் போனா என்னங்க ஆசாரி? நீங்க மரத்தைச் செய்ங்க.”

வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். வடிகால் ஒரு மூலையில் இருந்தது. தண்ணீர் எதிர்மூலைக்குப் போய்த் தேங்கி நின்றது.

“முதல்ல கொத்தனாரைக் கூப்பிடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.